அந்த ஒரு சொல்லை எடுத்துவிடுங்கள்

நேற்று நம் நண்பர் போட்ட பதிவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலேயப் பாடகியும் நடிகையுமான எலைன் பெய்ஜின் மேடை வாழ்க்கை முழுவதையும் நான்கு வரியில் முடித்துவிட்டு, ஐந்தாவது வரியில் "இன்னொருவர் காலில் அடிபட்டதால் வந்த அதிர்ஷ்டம்" என்று எழுதியிருந்தார். கீழே எத்தனை சிரிப்புக்குறிகள்! இரவு முழுக்க எனக்கு மனம் ஆறவில்லை.

அடிபட்டது உண்மை. 1981இல் லண்டனில் 'கேட்ஸ்' இசைநாடகம் அரங்கேற இருந்த நேரத்தில், ஒத்திகையில் நடிகை ஜூடி டென்ச்சுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. அவர் நடிக்க இருந்த கிரிஸபெல்லா வேடத்துக்கு எலைனை அழைத்தார்கள். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் வழியில் போன யாரையோவா கூப்பிட்டார்கள்? 1978இல் லண்டன் பிரின்ஸ் எட்வர்ட் அரங்கில், 'எவிட்டா' இசைநாடகத்தில் எவிட்டாவாகவே நடித்து, பிரிட்டிஷ் நாடக உலகின் ஒலிவியர் விருதை வாங்கியவரைக் கூப்பிட்டார்கள். அந்த எவிட்டா வேடமும் மடியில் வந்து விழவில்லை. 1968இல் 'ஹேர்' நாடகத்தில் தொடங்கி, பத்து ஆண்டுகள் மேடை மேடையாக ஏறி இறங்கியவர் அவர். நடிப்பே வேண்டாம், குழந்தைகளைப் பராமரிக்கும் வேலைக்குப் போய்விடலாம் என்று நினைத்த காலமும் உண்டு. முப்பது வயதில்தான் எவிட்டா கிடைத்தது. இதில் எங்கே ஐயா இருக்கிறது அதிர்ஷ்டம்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் அத்தை ஒரு நாடகக் குழுவில் இருந்தவர். ஏழு மாதம் திரைமறைவில் நின்று மற்றவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுத்தவர். கதாநாயகிக்கு ஜுரம் கண்ட ஒரு மாலையில், அவருடைய புடவையையே கட்டிக்கொண்டு மேடையேறி, ஒரு வரிகூடப் பிசகாமல் நடித்தார். மறுநாள் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "உனக்கு அதிர்ஷ்டம்." அந்த ஏழு மாதத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லும்போது அத்தையின் குரல் கம்மிவிடும்.

"அடிபடாமல் இருந்திருந்தால் அந்த வேடம் எலைனுக்கு வந்திருக்குமா?" என்று கேட்பீர்கள். வந்திருக்காது. கதவு திறந்தது விபத்தால்தான். உள்ளே போய், கிரிஸபெல்லா பாடும் 'மெமரி' பாட்டை அரங்கமே மூச்சடக்கிக் கேட்கும்படி பாடியது யார்? 'பாடகிதானே, நடிகை இல்லையே' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். 1993இல் 'பியாஃப்' நாடகத்தில் பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃபாகவே நின்றவரைப் பற்றி இப்படி எழுத எப்படி மனம் வந்ததோ?

சரி, அதிர்ஷ்டக் கணக்குதான் வேண்டும் என்றால் முழுக் கணக்கையும் போடுவோம். எவிட்டா, கிரிஸபெல்லா, 1986இல் 'செஸ்' நாடகத்தின் புளோரன்ஸ் என்று மூன்று வேடங்களுக்கு லண்டன் மேடையில் முதலில் உயிர் கொடுத்தவர் அவர். நாடகங்கள் நியூயார்க் போனபோது எவிட்டாவாக நின்றவர் பாட்டி லுபோன். கிரிஸபெல்லா பெட்டி பக்லி. புளோரன்ஸ் ஜூடி கூன். மூவரும் பெரிய கலைஞர்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மூன்று முறையும் எலைன் அங்கே போகவில்லை. நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் அவர் முதன்முதலாக மேடையேறியது 1996இல், 'சன்செட் புலவார்ட்' நாடகத்தில், நாற்பத்தெட்டு வயதில். இதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? இந்தப் பதினேழு, பதினெட்டு ஆண்டுகள் ஏன் யார் பதிவிலும் வருவதில்லை?

நண்பருக்கு ஒரே வேண்டுகோள். பதிவை நீக்க வேண்டாம். அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.