ஆச்சே மாகாணத்தின் சட்டம் இந்தோனேசியா முழுமைக்குமான சட்டம் அன்று

பள்ளிவாசல் முற்றத்தில் மேடை அமைத்துப் பிரம்படி கொடுக்கும் காணொளியைக் காட்டி, ‘இந்தோனேசியா ஷரியத்தால் ஆளப்படும் நாடு’ என்று அதன்மேல் எழுதிப் பரப்புவது தவறு. காட்சி உண்மையானதே, ஆனால் அப்படிப் பிரம்படி விதிக்கும் ஷரியத் சட்டம், பிரிவினைப் போரைத் தணிக்கும் முயற்சியாக 2001இல் சிறப்புத் தன்னாட்சி பெற்ற ஆச்சே மாகாணத்துக்கு மட்டுமே உரியது.

நாட்டின் அரசியலமைப்புக்கு முகவுரையாக 1945 ஜூனில் வரைந்த ஜகார்த்தா சாசனத்தில், முஸ்லிம்கள் ஷரியத்தைக் கடைப்பிடிக்க வேண்டிய கடமையைச் சொல்லும் ஏழு சொற்கள் இருந்தன. கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் பிரிந்துபோகக்கூடும் என்று அஞ்சிய விடுதலை இயக்கத் தலைவர் முகம்மது ஹத்தா, இஸ்லாமியத் தலைவர்களுடன் பேசி, விடுதலைப் பிரகடனத்துக்கு மறுநாளே, ஆகஸ்ட் 18 அன்று, அவற்றை நீக்கச் செய்தார். 2002இல் சில கட்சிகள் அந்த வாசகத்தை அரசியலமைப்பில் மீண்டும் சேர்க்க முயன்றபோது எதிர்த்து நின்றவை, நாட்டின் மிகப் பெரிய முஸ்லிம் அமைப்புகளான நஹ்தத்துல் உலமாவும் முகம்மதியாவும்தான். இதை மறைத்துப் பேசுவது அம்மக்களுக்குச் செய்யும் அநீதி.

சிறுபான்மையினருக்கு அங்கே குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜகார்த்தாவின் கிறிஸ்தவ ஆளுநர் பசுகி 2017இல் மதநிந்தனை வழக்கில் இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்; ஆயினும் அத்தீர்ப்பு தேசியக் குற்றவியல் சட்டத்தின்கீழ் வந்ததே தவிர, ஷரியத்தின்கீழ் அன்று.