சாவியைப் பாக்கெட்டில் போடும் வரை

"வேலூர்! எல்லாரும் செல்போன் டார்ச்ச தூக்குங்க!" போன வாரம் எங்கள் பக்கத்துத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊத்துற திருவிழா. கச்சேரிப் பாடகர் மூணு தடவை கேட்டார். எட்டு டார்ச் எரிந்தது. அதில் பாதி, செருப்பு தேடினவங்களுடையது.

பாடகரைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல குரல். ஆனால் பக்கவாத்தியம் முழுக்க லேப்டாப் ட்ராக். பாட்டு நாலரை நிமிஷம் என்றால் நாலரை நிமிஷமேதான். பத்து வருஷம் மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் வாசித்தவன் நான். ஜனம் நெளிய ஆரம்பித்தால் கீபோர்டுக்காரர் புருவத்தைத் தூக்குவார், ரெண்டாவது சரணத்தை விட்டுவிட்டுப் பல்லவிக்கு வந்துவிடுவோம். ட்ராக்குக்கு யார் புருவத்தைத் தூக்குவது?

எனக்கு இதெல்லாம் புரிய வைத்தவர் ஒரு பம்பைக்காரர். குடியாத்தத்தில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு, அதாவது அம்மனின் தலை, தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து புறப்பட்டு கோபாலபுரம் போகும். அந்த நெரிசலில் அவர் அம்மன் வர்ணிப்பு பாடிக்கொண்டே அடிப்பார். நிதானமாகத்தான் ஆரம்பம். திடீரென்று நாலு பேரைத் தாண்டி ஒரு பெண்ணிடம் போய் நிற்பார். அடி நெருங்கும், அந்தம்மாவுக்கு அருள் வரும். சாமி மலையேறுகிற வரை அவர் கை அந்தம்மாவின் மூச்சோடுதான் போகும். அவசரப்பட்டு நிறுத்தினால் ஆள் தடால் என்று விழுந்துவிடும் என்பார். இத்தனை பேரில் அந்தம்மாவை எப்படிக் கண்டுபிடித்தீங்க என்று கேட்டேன்.

"மூஞ்ச இன்னாத்துக்குப் பாக்கற நைனா? கால் கட்டவிரல பாரு. அதான் மொதல்ல ஆடும்."

அருள் விஷயத்தில் உங்கள் நம்பிக்கை எதுவோ அது உங்களோடு. நான் அந்தக் கட்டைவிரலை மட்டும் எடுத்துக்கொண்டேன். மேடையில் முன்வரிசை நாற்காலிகளை நான் பார்ப்பதே இல்லை. அங்கே ஊர்ப் பெரியவர்கள், சால்வைக்குக் காத்திருப்பவர்கள். துண்டுச் சீட்டில் வரும் விருப்பப் பாட்டையும் அப்படியே நம்ப மாட்டேன். ஒரே ஆள் ஆறு கையெழுத்தில் எழுதி அனுப்புவான். நான் பார்த்தது கடைசியில் பைக் மேல் ஒக்கார்ந்துகினு இருக்கிற பசங்களை. சாவி வண்டியிலேயே இருந்தால் கிளம்பப் போறான். உருவிப் பாக்கெட்டில் போட்டுவிட்டால் நாம் ஜெயித்தோம்.

அப்போ ஜனம் கேட்கிற குத்துப் பாட்டையே போட்டுக்கொண்டிருக்கணுமா என்று சிலர் சண்டைக்கு வருவீங்க. இல்லை. ஒரு சித்ரா பௌர்ணமி ராத்திரி, வேலூர் புஷ்பப் பல்லக்கில், பலூன் சத்தத்துக்கு நடுவில் ஒரு நாயனக்காரர் தோடி ராகம் வாசித்தார். யார் கேட்டார்கள் தோடியை? கூட்டம் நகர்கிற மாதிரி இருந்ததும் எல்லாருக்கும் தெரிந்த மெட்டு ஒன்றை நாலு வரி ஊதினார். தலைகள் திரும்பின. மறுபடி தோடி. இந்த முறை யாரும் நகரவில்லை, என் பக்கத்தில் நின்ற பஞ்சுமிட்டாய்க்காரர் உட்பட.

போன வாரக் கச்சேரிக்கு வருகிறேன். நடுவில் கரண்ட் போனது. குழுவில் நிஜமாக வாசிக்க வந்திருந்த ஒரே ஆள், டோலக் தம்பி, மைக் இல்லாமலே அடித்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்றவர்கள் காது கேட்கவில்லை என்று மேடையை ஒட்டி வந்துவிட்டார்கள். அவனும் அவர்கள் கைதட்டலைப் பிடித்துக்கொண்டு வேகத்தை மாத்தினான். அஞ்சு நிமிஷம், அதுதான் அன்றைக்குக் கச்சேரி.

கரண்ட் வந்தது. நின்றுபோன பாட்டை ட்ராக்கில் முதலிலிருந்து போட்டார்கள். பின்னால் வரிசையாக பைக்குகள் ஸ்டார்ட் ஆகின.