அடிக்கல் படம் போட்டவர்கள் அப்புறம் எங்கே?

யாழ்ப்பாணத்துப் பேப்பர்காரருக்குத் துணிவில்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துப் பத்திரிகையாளர் நிமலராஜனை ஊரடங்கு நேரத்தில் வீட்டுக்குள் வைத்தே கொன்றார்கள். தேர்தல் முறைகேடுகளை வெளியே கொண்டுவந்தவர். 2006 மே 2 இரவு உதயன் அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் ஊழியர் இருவர் இறந்தார்கள். விடிந்தால் உலக பத்திரிகைச் சுதந்திர நாள். 2013 ஏப்ரலில் அதே பத்திரிகையின் அச்சு இயந்திரத்துக்குத் தீ வைத்தார்கள். அதற்குப் பிறகும் பேப்பர் வந்தது.

என் மனக்குறை வேறு. கொழும்பைப் பார்த்துத் தலையங்கத்தில் சீறுவது நம்மவருக்குக் கைவந்த கலை. அதே பேப்பரின் உள்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒரு வீதிக்கு அடிக்கல் நாட்டியிருப்பார்கள். மங்கள விளக்கு, பொன்னாடை, வந்தவர்களின் பெயர்கள் பதவியோடு ஆறு வரிக்கு. எத்தனை மீற்றர், எத்தனை இலட்சம், ஒப்பந்தம் யாருக்கு, எப்போது முடியும்? மூச்சு இருக்காது. எங்கள் ஒழுங்கைக்கும் இப்படி ஒரு படம் வந்தது. கல்லைக் கொட்டினார்கள், தார் வரவில்லை. மாரி மழைக்கு அந்தக் கல்லில் பாதி வாய்க்காலுக்குள் போய்விட்டது. படம் போட்ட பேப்பர் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

நிருபரைத் திட்டிப் பயனில்லை. செய்திக்கு இவ்வளவு என்று கிடைக்கிற காசு மோட்டார் சைக்கிள் பெற்றோலுக்கே காணாது. அரச அலுவலகம் வாட்ஸ்அப்பில் அனுப்பும் அறிக்கையை அப்படியே தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. முதலாளிக்கோ அரச விளம்பரமும் விலைமனுக் கோரலும் வேண்டும். மரண அறிவித்தலை மட்டும் நம்பிப் பேப்பர் நடத்த ஏலாதுதானே.

ஆனால் இந்த மாகாணத்தில் கேள்வி கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் வருடக்கணக்காகத் தேர்தலே இல்லாமல் ஆளுநரின் கீழ் நிர்வாகம். எழுந்து நின்று கணக்குக் கேட்க ஓர் எதிர்க்கட்சி வரிசைகூட இல்லை.

சுன்னாகத்தை நினைத்துப் பாருங்கள். அங்குள்ள மின் நிலையத்தின் எண்ணெய் கிணற்றுத் தண்ணீரில் மிதக்கிறது என்று சனம் கத்தியது, வீதிக்கு இறங்கியது, செய்தி விடாமல் வந்தது. அது 2019இல் உயர் நீதிமன்றம் வரை போய், மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. விடாமல் துரத்தினால் இதுதான் நடக்கும்.

கையில் சட்டமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் கொடுத்தால், தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இழுத்தடிப்பார்கள், தெரியும். இழுத்தடித்தால் அதுவே ஒரு செய்தி!

ஆசிரியர்மாரே, பழைய அடிக்கல் படங்களைத் தூசி தட்டி எடுங்கள். வாரம் ஒன்றை எடுத்து, அதே இடத்தில் இன்றைக்கு என்ன இருக்கிறது என்று பக்கத்திலே படம் போடுங்கள். செலவான தொகையையும் கீழே போடுங்கள். விளம்பரம் போய்விடும் என்ற பயமா? சந்தாவை ஏற்றுங்கள். முணுமுணுத்துக்கொண்டாவது நான் கட்டுவேன்.