மாவுக்கட்டுக்குக் கைதட்டுகிறவர்களுக்கு

"கழிவறையில் வழுக்கி விழுந்தார்" என்று போலீஸ் பிடித்த ஒருவர் கையில் மாவுக்கட்டோடு இருக்கும் போட்டோ வந்தால் போதும், கீழே சிரிப்பும் சபாஷும் குவிகின்றன. லத்தி எடுத்தவரைப் பற்றியாவது நாலு பேர் பேசுகிறார்கள். அந்தக் கையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட அரசு டாக்டரையும் மாஜிஸ்திரேட்டையும் யாரும் கேட்பதில்லை.

2020 ஜூனில் சாத்தான்குளம் ஸ்டேஷனில் இரவு முழுக்க அடி வாங்கிய தந்தைக்கும் மகனுக்கும், சிறைக்கு அனுப்பும் அளவுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று மறுநாள் ஆஸ்பத்திரியில் தகுதிச் சான்று கொடுத்தார்கள். கோர்ட்டில் ரிமாண்டும் ஆனது, அதாவது சிறையில் வைக்க உத்தரவானது. கோவில்பட்டி கிளைச் சிறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய் 22-ம் தேதி மகன் இறந்தார், 23-ம் தேதி தந்தை.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 53-ம் பிரிவுப்படி, கைதானவரின் உடம்பில் என்ன காயம், ஏறக்குறைய எப்போது பட்டது என்று டாக்டர் எழுத வேண்டும். நகலை அவருக்கோ அவர் சொல்லும் ஆளுக்கோ தர வேண்டும். நடைமுறையில், போலீஸ்காரர் பக்கத்திலேயே நிற்க, சட்டையைக்கூடக் கழற்றாமல் 'காயம் இல்லை' என்று எழுதி முடிகிறது. நகலைக் கேட்டு வாங்குங்கள். மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் முதல் நாளே "அடித்தார்கள், இந்த இடத்தில்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போலீஸை வெளியே அனுப்பிவிட்டு விசாரிக்கச் சொல்லியும், சொன்னதை ரிமாண்ட் உத்தரவில் பதியச் சொல்லியும் வக்கீல் கேட்க வேண்டும். விட்டுவிட்டால் கன்றிய தழும்பு மறைந்துவிடும். "அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்விதான் மிஞ்சும்.

கேமரா இருக்கிறதே என்பார்கள். சாத்தான்குளத்தில் 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் இருந்தும், பதிவு தினமும் தானாக அழியும்படி செட்டிங் இருந்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒலியோடு 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடம் பதிவை வைத்திருக்கச் சொன்னது. ஆனாலும் தேதி, நேரம் குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எஸ்.பி.க்கும் கோர்ட்டுக்கும் அன்றே மனு கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஸ்டேஷனுக்கே கொண்டுபோகாவிட்டால் அந்தக் கேமராவும் உதவாது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளியைப் போலீஸ் தனிப்படை கோயிலுக்குப் பின்னால் வைத்துத்தான் அடித்தது. சாட்சியாக நின்றது ஜன்னல் வழியாக எடுத்த ஒரு செல்போன் வீடியோ. கைது என்று எழுதாதவரை, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரக் கணக்கும் காகிதத்தில் தொடங்காது. முன்பெல்லாம் வக்கீல்கள் உடனே தந்தி அடிப்பார்கள், நேரம் பதிவாகிவிடும் என்று. 2013-ல் தந்தி போய்விட்டது. அந்த வேலையை இப்போது மின்னஞ்சல்தான் செய்ய வேண்டும். எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், யார் கூட்டிப்போனார்கள் என்று எஸ்.பி.க்கும் மனித உரிமை ஆணையத்துக்கும் அனுப்பிவிட்டு, ஆள் எங்கே என்று தெரியாவிட்டால், அவரைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் ஆட்கொணர்வு மனு போட வேண்டும்.

ஆணையத்தில் புகார் செய்ய ஒரு வருடம்தான் கெடு. கிரிமினல் கேஸ் முடியட்டும் என்று காத்திருந்தால் அதுவும் போய்விடும்.