வைரத்தை வைத்துக்கொண்டு மண்ணை வெட்டிவிட்டார்கள்

நேற்று ராத்திரி ஒரு சேனலில் வெளியான, நான் பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் இன்பாக்ஸில் "சூப்பர் சார்" என்று அனுப்பியிருக்கிறீர்கள். அன்புக்கு நன்றி. ஆனால் எனக்குச் சந்தோஷம் இல்லை. ஏன் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லத் தெம்பில்லை, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நான் பேசியது இருபத்திரண்டு நிமிடம். வந்திருப்பது ஒன்பது. வெட்டுவது சேனல்காரர்கள் உரிமை, சரி. எதை வெட்டினார்கள் என்பதுதான் என் வருத்தம். மெசோபிதகஸ் என்ற அழிந்துபோன குரங்கைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். அந்தக் குரங்கு புதைந்து கிடந்த மண்ணைப் பற்றி நான் சொன்னதில் ஒரு வரிகூட மிச்சமில்லை. வைரக் கதை மட்டும் முழுசாக இருக்கிறது. தம்ப்நெயிலில் மண்டை ஓட்டின் கண்குழிக்குள் வைரம் ஜொலிக்கிறது, மேலே "நம் முப்பாட்டன்!" என்று கொட்டை எழுத்து.

முதலில் இந்த முப்பாட்டன் விஷயத்தை முடித்துவிடுகிறேன். மெசோபிதகஸ் நமக்குப் பாட்டனும் இல்லை, முப்பாட்டனும் இல்லை. அது மந்திகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. நீலகிரிச் சோலைகளில் தாவுகிறதே கருமந்தி, அதற்குத்தான் அது சொந்தம். இதை இரண்டாவது நிமிடத்திலேயே சொன்னேன். அதையும் காணோம்.

வைரக் கதை பொய் என்று நான் சொல்லவில்லை. 1838-இல் கிரேக்கத்தில் இருந்த, ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்த சிப்பாய் ஒருவர், ஏதென்சுக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள பிக்கெர்மியில் கிடைத்த மண்டை ஓட்டுக்குள் ஏதோ மினுங்குவதைப் பார்த்து, வைரம் என்று நம்பி ஊருக்குக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். அது வைரம் இல்லை, கால்சைட், அதாவது சுண்ணாம்புப் படிகம். பவேரியாவின் தலைநகர் மியூனிக்கில் தொல்லுயிர் அறிஞர் ஆந்த்ரேயாஸ் வாக்னர் அந்த எலும்பைப் பார்த்து 1839-இல் குரங்குக்குப் பெயர் வைத்தார். வீடியோ இங்கே சிரிப்புச் சத்தத்தோடு முடிந்துவிடுகிறது. பாவம் சிப்பாய், ஏமாந்துபோனார், அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கால்சைட் மண்டை ஓட்டுக்குள் எப்படி வந்தது? இதைக் கேட்க வேண்டாமா? சுண்ணாம்பு கரைந்த நிலத்தடி நீர் எலும்பின் வெற்றிடத்துக்குள் புகுந்து, மெல்ல மெல்லப் படிகமாக வளர்ந்தது. அந்த ஊரில் சுண்ணாம்புக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்திலேயே பென்டெலி மலை நிற்கிறது. பார்த்தனான் கோயிலைக் கட்டிய பளிங்குக் கல் அந்த மலையிலிருந்து வந்ததுதான். பளிங்கும் கால்சைட்தான். குரங்கின் முழுப் பெயரே மெசோபிதகஸ் பென்டெலிகஸ், மலையின் பெயரைச் சேர்த்து வைத்தது. ஆக, அவர்கள் வெட்டாமல் விட்ட வைரக் கதையே மண்ணின் கதைதான். அதற்கு அர்த்தம் தருகிற பகுதியைத் தூக்கி எறிந்துவிட்டு மினுக்கை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

தொல்லெச்சத்தில் எலும்பு பாதி, மண் பாதி. இதைத்தான் இருபத்திரண்டு நிமிடமும் சொன்னேன். இதைத்தான் பதினைந்து வருஷமாக வகுப்பிலும் சொல்கிறேன்.

பிக்கெர்மி ஓடை அறுத்துக்கொண்டு போகிற கரையில் சிவப்பு வண்டல். அதற்கு நடுவே கூழாங்கல் பட்டைகள், பளிங்கும் சிஸ்ட் பாறையும் உருண்டு வந்த கற்கள். மலையிலிருந்து வெள்ளம் புரட்டிக்கொண்டு வந்தது என்று அந்தக் கல்லே சொல்கிறது. எலும்புகள் குவியல் குவியலாகக் கிடக்கின்றன: மூன்று விரல் குதிரை, ஒட்டகச்சிவிங்கியின் சொந்தமான ஹெலடோதீரியம், காண்டாமிருகம், வாள்பல் பூனை, கழுதைப்புலி, இவற்றோடு நம் குரங்கு. சில கால் எலும்புகள் மூட்டுப் பிரியாமலே கிடைத்திருக்கின்றன. தசைநார் அழுகுவதற்கு முன்பே மண் மூடியிருந்தால்தான் அப்படி இருக்கும். எலும்பை மட்டும் எடுத்து மேஜையில் வைத்தால் இது தெரியுமா?

வயதையே எடுத்துக்கொள்ளுங்கள். "73 லட்சம் வருஷப் பழசு" என்று வீடியோவில் பெரிதாக வருகிறது. அந்த எண்ணை எலும்பு சொல்லவில்லை ஐயா, மண் சொன்னது. வண்டலில் இருக்கும் இரும்புத் துகள்கள் படியும்போது பூமியின் காந்தத் திசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காந்த முனைகள் பலமுறை தலைகீழாக மாறியிருக்கின்றன, எப்போது மாறின என்ற கணக்கும் நம்மிடம் இருக்கிறது. அடுக்கு அடுக்காகத் திசையை அளந்து, அந்தக் கணக்கோடு ஒட்டிப் பார்த்துத்தான் வயது வந்தது. எண் வேண்டும், எண்ணைத் தந்த மண் வேண்டாம் என்றால் என்ன நியாயம்?

இன்னொன்று. இதே குரங்கு ஈரானில் மராகேயில் கிடைத்திருக்கிறது. அங்கே சகந்த் எரிமலையின் சாம்பல் கலந்த அடுக்குகள். சீனாவில் யுன்னான் மாநிலத்து ஷுய்டாங்பாவில் கிடைத்திருக்கிறது, அங்கே பழுப்பு நிலக்கரி, அதாவது ஒரு காலத்துச் சதுப்பு நிலம், சுமார் 64 லட்சம் ஆண்டு. ஒரு தாடை, தொடையெலும்பின் ஒரு பகுதி, ஒரு குதிகால் எலும்பு, அவ்வளவுதான் அங்கே கிடைத்தது, 2020-இல் அறிவித்தார்கள். செவ்வண்டல், எரிமலைச் சாம்பல், நிலக்கரி. மூன்றிலும் ஒரே குரங்கு! மரத்திலும் ஏறும், தரையிலும் ஓடும், வறண்ட இடத்திலும் பிழைக்கும், சதுப்பிலும் பிழைக்கும் என்று நாம் பேச முடிவது இந்த மூன்று மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால்தான். 1855 முதல் பிக்கெர்மியில் தோண்டிய பிரெஞ்சுத் தொல்லுயிர் அறிஞர் ஆல்பர்ட் கோத்ரி, இதன் தலை மந்தியைப் போல, கைகால் மக்காக் குரங்கைப் போல (நம் நாட்டுக்குரங்கின் இனம்) என்று கண்டார். அந்தக் கைகால் எந்தத் தரையில் நடந்தது என்பதை மண்தான் சொல்ல வேண்டும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. கல்லூரியில் இரண்டாம் வருஷம், பெரம்பலூர் பக்கம் காரை என்ற ஊருக்குக் கூட்டிப் போனார்கள். மொட்டைக் களிமண் மேடுகள், வெயிலில் ஜிப்சம் தகடுகள் கண்ணைக் குத்தும். அங்கே உள்ளங்கை அளவு அம்மோனைட் ஒன்று, அழிந்துபோன ஒரு கடல் உயிரியின் கல்லான ஓடு, கிடைத்தது. சுருள், அதன் மேல் வரிவரியாக முகடு, ஒரு பள்ளத்தில் களிமண் அப்பியிருந்தது. பையில் போட்டுக்கொண்டேன். அந்தக் களிமண்ணைக்கூட அறைக்கு வந்ததும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட்டேன். மறுநாள் ஆசையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். பேராசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "எந்த அடுக்குலப்பா எடுத்த?" எனக்குத் தெரியவில்லை. மேட்டின் உச்சியா, ஓடையின் அடியா, தானாக உருண்டு வந்து கிடந்ததா, எதுவும் தெரியவில்லை. நோட்டில் குறிக்கவில்லை. கல்லை என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "அப்போ இது வெறும் அழகான கல்லுப்பா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அந்தக் கல் இப்போதும் என் மேஜையில் இருக்கிறது. கோடிக்கணக்கான வருஷம் அதைப் பத்திரமாக வைத்திருந்த களிமண்ணை நான் அரை மணி நேரத்தில் கழுவி ஊற்றினேன். வீடியோவைப் பார்த்தபோது அந்தப் பிரஷ்தான் ஞாபகம் வந்தது.

"மக்களுக்கு இதெல்லாம் புரியாது சார், லேக் அடிக்கும்" என்று சேனல் தம்பி போனில் சொன்னார். எந்த மக்களுக்குப் புரியாது? கிணறு வெட்டுகிறவருக்கு எத்தனை அடியில் சுக்கான், எத்தனை அடியில் பாறை என்று தெரியும். செம்மண்ணில் என்ன விளையும், கரிசலில் என்ன விளையும் என்று நம் ஊர்க் கிழவிகளுக்குத் தெரியும். மண்ணைப் பார்த்துப் பேசத் தெரிந்த மக்களைப் பார்த்து மண் புரியாது என்கிறீர்களே, வலிக்கிறது தம்பி.

"ஒன்பது நிமிடமாவது வந்ததே, அதற்கு நன்றி சொல்லாமல் குறை சொல்கிறாயே" என்று ஒரு நண்பர். நன்றி முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன்.

"குரங்கு எலும்பை வைத்து யாருக்கு என்ன பிரயோஜனம்" என்று கமெண்டில் கேட்டவருக்குப் பதில் இல்லை. பிரயோஜனம் இருந்தால்தான் ஒன்றைத் தெரிந்துகொள்வேன் என்கிறவரோடு எங்கிருந்து பேச ஆரம்பிப்பது?

எல்லாருக்கும் எல்லாம் சொல்ல முடியாது, சுருக்கத்தான் வேண்டும் என்பது மட்டும் நியாயமான பேச்சு. ஒப்புக்கொள்கிறேன். என்னைக் கேட்டிருந்தால் நானே சுருக்கித் தந்திருப்பேன். கோத்ரியை விட்டிருப்பேன், வாள்பல் பூனையை விட்டிருப்பேன், வைரத்தையே விட்டிருப்பேன். ஒரு போன் போட்டிருக்கலாம். என் பெயரைப் போட்டு, என் முகத்தைப் போட்டு, நான் சொல்லாத "முப்பாட்டன்" என்ற வார்த்தையை என் தலைக்கு மேல் எழுதுவதற்கு முன் ஒரே ஒரு போன். காலையில் என் மாணவி ஒருத்தி, "சார், நீங்களே முப்பாட்டன்னு சொல்லிட்டீங்களே" என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். அவளுக்கு என்ன பதில் எழுதுவது என்று இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.

பேசும்போது என் போனிலும் ரெக்கார்ட் செய்திருந்தேன். வெட்டிய பதின்மூன்று நிமிடத்தையும் இன்று இரவு இங்கேயே போடுகிறேன், ஒலி மட்டும்தான். நடுவில் ஏதோ தட்டுகிற சத்தம் கேட்கும். அது அந்தக் காரைக் கல்தான், மேஜையில் வைத்தேன்.