அந்தப் பத்திரத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்

நேற்று ராத்திரி அந்த நியூஸ் கார்டுக்குக் கீழே நடந்ததைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். பார்க்காதவர்களுக்கு: ஒரு வேட்பாளர் மேல் 17 வழக்கு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த ஒருவர் போட்ட கார்டு அது. நான் அங்கே எழுதியது இரண்டே வரி. "கார்டில் 17 வழக்கு என்று இருக்கிறது. வேட்புமனுவோடு அவர் கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் மூன்றுதான் இருக்கிறது, ஐந்தாவது பத்தியைப் பாருங்கள்." அந்தப் பக்கத்தையும் படமாகப் போட்டேன். முதல் பதில், "எவ்வளவு வாங்கினே?" அடுத்தது, "இருநூறு ரூபாய்." அரை மணி நேரத்தில் இன்னொரு கூட்டம் வந்து என்னைச் சங்கி என்றது. இத்தனை பேரில் ஒருவர்கூட அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிப் படித்த மாதிரி தெரியவில்லை.

அந்த வேட்பாளருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவருக்கு ஓட்டுப் போடுவேனா என்று எனக்கே இன்னும் தெரியாது. நான் சொன்னது ஒன்றுதான்: ஒரு வேட்பாளரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பத்திரத்தைத் திறந்து பாருங்கள். காசு கிடையாது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் தேர்தல், மாநிலம், தொகுதி என்று தேர்வு செய்தால் புகைப்படத்தோடு பெயர்கள் வரும், அங்கேயே பத்திரத்தை இறக்கிக்கொள்ளலாம். போனில் பார்க்க ஆணையத்தின் செயலியும் இருக்கிறது. ஐந்து நிமிட வேலை.

அந்த 17 எங்கிருந்து வந்தது என்றும் தேடினேன். அதே பெயர், அதே இனிஷியல், வேறு மாவட்டம். போன சட்டமன்றத் தேர்தலில் நின்ற இன்னொருவருடைய கணக்கு அது. பத்திரத்தின் முதல் பக்கத்திலேயே தந்தை பெயர், வயது, முகவரி எல்லாம் இருக்கிறது. அதைப் படித்திருந்தால் குழப்பமே வந்திருக்காது. 2024 மக்களவைத் தேர்தலில் ராமநாதபுரம் தொகுதியில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரில் இன்னும் ஐந்து பேர் மனுத்தாக்கல் செய்தது ஊருக்கே தெரியும். அதைப் பார்த்துப் பேசிப் பேசிச் சிரித்தோம். அதற்கப்புறமும் பெயரை மட்டும் வைத்து ஆளை முடிவு செய்கிறோம்.

சரி, மூன்று வழக்கு இருக்கிறதே, அது போதாதா என்று ஒருவர் கேட்டார். நேற்று வந்ததிலேயே நியாயமான கேள்வி அது ஒன்றுதான், அதற்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்கிறேன். என்ன வழக்கு என்று பார்க்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை எண், காவல் நிலையம், நீதிமன்றம், சட்டப் பிரிவு, குற்றச்சாட்டு பதிவாகிவிட்டதா, ஆகியிருந்தால் எந்தத் தேதியில் என்று எல்லாவற்றுக்கும் அந்தப் பத்தியில் இடம் இருக்கிறது. தண்டனை பெற்ற வழக்குகளுக்கு ஆறாவது பத்தி தனியாக இருக்கிறது. இவருடைய மூன்றில் இரண்டு மறியல் வழக்குகள், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 143, 341, 188 பிரிவுகள். தமிழ்நாட்டில் பேருந்து நிலையம் முன்னால் கொடியோடு நின்ற எவர் மேலும் விழக்கூடிய பிரிவுகள் இவை. மூன்றாவது வழக்கு 420. மோசடி. நான் உட்கார்ந்து படித்தது அதைத்தான், கேள்வி கேட்க வேண்டியதும் அதைத்தான். 17 என்று பொய்யாகக் கத்தியதில் உண்மையான அந்த ஒன்று காணாமல் போய்விட்டது. அந்தக் கார்டு செய்தவருக்கு வேட்பாளர் நன்றி சொல்ல வேண்டும்.

எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்லாது என்பதற்கு நமக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. 2014ல் கன்னியாகுமரியில் ஆம் ஆத்மி சார்பில் நின்ற சுப. உதயகுமாரனின் பத்திரத்தில் 300க்கும் மேற்பட்ட வழக்குகள் இருந்தன. எல்லாம் கூடங்குளம் அணு உலை எதிர்ப்புப் போராட்டத்தில் போட்டவை. அவருடைய அரசியலை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் "நாட்டிலேயே அதிக வழக்குகள் உள்ளவர்" என்று ஒரு கார்டு அடித்து ஊர் பேர் தெரியாத ஒருவரிடம் காட்டினால் அவர் என்ன நினைப்பார்? அதே தேர்தலில் வேறொரு பத்திரத்தில் ஒரே ஒரு வழக்கு, அதுவும் 307 கொலை முயற்சி என்று இருந்திருந்தால் கார்டில் அவர் நல்லவராகத் தெரிவார். பிரிவைப் படிக்காமல் எண்ணினால் இப்படித்தான் ஆகும்.

"அவங்களே எழுதிக் கொடுக்கறதுதானே, அதுல உண்மை இருக்குமா?" இதைத்தான் பலரும் கேட்கிறார்கள், ரொம்ப விவரமான கேள்வி என்ற தோரணையில் கேட்கிறார்கள். ஆமாம், அவர்களே எழுதிக் கொடுப்பதுதான். முத்திரைத்தாளில், நோட்டரி முன்னால் சத்தியம் செய்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. அதில் பொய் சொன்னால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தண்டனை போதாது, எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று கேட்டால் எனக்கும் அதே கோபம்தான். ஆனால் எழுதி வாங்கி வைத்திருப்பதால்தான் அதைப் பொய் என்று நிரூபிக்கவே முடிகிறது. தேனியில் 2019ல் ஓ.பி. ரவீந்திரநாத்துக்குக் கிடைத்த வெற்றி செல்லாது என்று 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதே, சொத்து விவரங்களை மறைத்தார் என்பதற்காக. வழக்குப் போட்டது தொகுதியில் ஒரு வாக்காளர். பிறகு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது, அது வேறு கதை. ஒரு சாதாரண வாக்காளர் ஒரு எம்.பி.யை நீதிமன்றத்தில் நிற்க வைக்க அந்தப் பத்திரம் உதவியது. வாட்ஸ்அப் கார்டை வைத்து யாரையாவது நிற்க வைக்க முடியுமா? கார்டில் யாருடைய கையெழுத்து இருக்கிறது?

இந்தப் பத்திரம் சும்மா வந்துவிடவில்லை. அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர்கள் சிலர் ஏடிஆர் என்ற அமைப்பைத் தொடங்கி 1999ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம், வேட்பாளரின் வழக்கு, சொத்து, படிப்பு தெரிவது வாக்காளரின் உரிமை என்றது. உடனே அரசியல்வாதிகள் சட்டத்தைத் திருத்தி அதை முடக்கப் பார்த்தார்கள். கட்சி பேதம் இல்லாமல் ஒன்றாக நின்றார்கள். 2003 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தைத் தூக்கி எறிந்தது. எல்லாக் கட்சியும் சேர்ந்து மறைக்க நினைத்த ஒரு காகிதம் இது. அதைத்தான் நாம் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

என் அப்பா தாலுகா அலுவலகத்தில் உதவியாளராக இருந்தவர். 2006 சட்டமன்றத் தேர்தலின்போது நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் என்னை சைக்கிளில் உட்காரவைத்துக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். வேட்பாளர்களின் பத்திரங்களை அங்கே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அவர் வாசிக்க வாசிக்க நான் நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். நிலம் எத்தனை ஏக்கர், நகை எத்தனை பவுன், மனைவி பெயரில் என்ன, வங்கிக் கடன் எவ்வளவு. எனக்குக் கால் வலித்தது, எதற்கு இது என்று கேட்டேன். "நாளைக்கு இவன் ஜெயிச்சு அஞ்சு வருஷம் கழிச்சு வருவான்ல, அப்போ ஒப்பிட்டுப் பார்க்கணும்" என்றார். 2011ல் மறுபடி போனார், தனியாக. இரண்டு பட்டியலும் அந்த நோட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன. இன்றைக்கு அதே வேலையைக் கட்டிலில் படுத்துக்கொண்டு செய்யலாம். பழைய தேர்தல் பத்திரங்களும் இருக்கின்றன, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில பேருக்கு சொத்தோடு சேர்த்துப் படிப்பும் மாறியிருக்கும்.

ஏடிஆர் நடத்தும் மைநேதா தளம் இந்தப் பத்திரங்களையெல்லாம் தட்டச்சு செய்து ஒப்பிட வசதியாகப் போடுகிறது. நான் தினமும் பார்ப்பது அதைத்தான். ஆனாலும் கையெழுத்தில் எழுதிய, நோட்டரி சீல் விழுந்து மங்கிய பக்கங்களைப் பார்த்துப் பதிந்தது என்பதால் சந்தேகம் வந்தால் மூலத்தைத் திறந்துவிடுவேன். தற்போதைய எம்.பி. என்றால் வருகைப் பதிவு, கேட்ட கேள்விகள், கலந்துகொண்ட விவாதங்களை பிஆர்எஸ் என்ற ஆய்வு அமைப்பு தொகுத்து வைத்திருக்கிறது. "நாடாளுமன்றத்தையே அதிர வைத்தார்" என்ற ரீல்ஸைப் பார்த்தவுடன் நான் அங்கேதான் போவேன். வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்பது படிவம் 20ல் இருக்கிறது. உங்கள் தெரு யாருக்குப் போட்டது என்று பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடுவதற்கு முன்னால் அதைப் பார்க்கலாம்.

செய்தித்தாளும் டிவியும் போதாதா என்றால், செய்தியாளர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் காசு வாங்கிக்கொண்டு செய்தி மாதிரியே விளம்பரம் போடும் பழக்கம் ஆதாரத்தோடு அம்பலமானது. 2011ல் உத்தரப் பிரதேசத்தில் ஒரு எம்.எல்.ஏ.வையே, அந்தச் செலவைத் தேர்தல் கணக்கில் காட்டாததற்காகத் தேர்தல் ஆணையம் தகுதி நீக்கம் செய்தது. செய்தியைப் படியுங்கள், அப்புறம் பத்திரத்தையும் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். "ஏஐ கிட்ட கேட்டேன், அதுவும் 17ன்னுதான் சொல்லுது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அது எங்கிருந்து எடுத்தது என்று கேளுங்கள் தம்பி. கார்டிலிருந்து எடுத்திருந்தால் அதுவும் கார்டுதான்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ஆவேசம் என்று கேட்டார்கள். சொல்லிவிடுகிறேன்.

2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். எங்கள் வார்டில் ஒரு அக்கா நின்றார்கள். தையல் கடை வைத்திருப்பவர். சுயேச்சை. வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் தெரு குரூப்பில் ஒரு குரல் பதிவு வந்தது, சீட்டுப் பணத்தை ஏமாற்றியதாக அவர் மேல் வழக்கு இருக்கிறது என்று. பேசியவர் யார் என்று இன்று வரை தெரியாது. நான் அதைக் கேட்டுவிட்டு, "பார்த்து ஓட்டுப் போடுங்க" என்று எழுதி என் அத்தைக்கு அனுப்பினேன். அத்தை அவருடைய மகளிர் குழுவுக்கு அனுப்பினார். உள்ளாட்சித் தேர்தலிலும் வேட்பாளர் உறுதிமொழி கொடுக்க வேண்டும், அதை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். நான் அதைத் தேடிப் பார்த்தது முடிவு வந்த பிறகுதான். வழக்கு என்ற இடத்தில் "இல்லை" என்று அவர் கைப்பட எழுதியிருந்தார். நாற்பத்தொரு ஓட்டில் தோற்றிருந்தார். அத்தையின் குழுவில் மட்டும் முப்பது பேருக்கு மேல்.

அவர் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "நீயுமா அனுப்புனே?" என்று மட்டும் கேட்டார். இன்று வரை என் ரவிக்கையை அவர்தான் தைக்கிறார். ஒவ்வொரு தடவை அளவு கொடுக்கப் போகும்போதும் எனக்கு அந்தக் கேள்வி கேட்கிறது. அப்பா இருந்திருந்தால் என்னிடம் ஒரு வாரம் பேசியிருக்க மாட்டார். நாற்பது பக்க நோட்டு வீட்டு அலமாரியிலேயே இருந்தது, நான் குரல் பதிவை நம்பினேன்.

அதனால்தான் நேற்று வாயை மூடிக்கொண்டு போக முடியவில்லை. "ஒரு கார்டுதானே, விட்டுத்தள்ளு" என்றவர்களுக்குச் சொல்கிறேன், எனக்கு அது ஒரு கார்டு இல்லை. "மத்த கட்சிக்காரன் போடும்போது நீ எங்க போனே" என்று கேட்டவர்களே, என் சுவரைக் கீழே தள்ளிப் பாருங்கள். போன மக்களவைத் தேர்தலில் இதே ஐந்தாவது பத்தியை உங்கள் எதிர்க்கட்சிக்காரருக்கும் போட்டிருக்கிறேன். அன்றைக்கு நீங்கள்தான் "சூப்பர் சகோ" என்று எழுதினீர்கள். அதே ஆள், அதே வேலை, இன்றைக்கு நான் விலைபோனவள். இது எனக்கு வலிக்கிறது. வலிக்கவில்லை என்று நடிக்க எனக்குத் தெரியாது.

கார்டைப் போட்ட அண்ணனைப் பற்றி ஒன்று. அவர் கல்லூரிக் காலத்திலிருந்து பழக்கம். என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர். நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் அவருக்குத் தந்தை பெயர் இருக்கும் பக்கத்தையும் ஐந்தாவது பத்தியையும் தனியாக அனுப்பினேன், "அண்ணே, ஆள் மாறிப்போச்சு, எடுத்துடுங்க" என்று. இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. காலையில் பார்த்தால் நட்புப் பட்டியலில் நான் இல்லை.

கார்டு இன்னும் இருக்கிறது. இதை எழுத உட்கார்ந்தபோது பகிர்வு 2,100, இப்போது 2,340. மூன்று முக்கிய வேட்பாளர்களின் பத்திரங்களுக்கும் இணைப்பு முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன். அந்த 420 வழக்கு எந்த நீதிமன்றத்தில் இருக்கிறது என்பது எட்டாவது பக்கத்தில்.