பிரவுனி செய்த தவறுதான் என்ன?

ஞாயிற்றுக்கிழமை அந்த வளைகாப்பு வீட்டில் அவர்களுடைய நாய் பிரவுனியை வைத்து நடந்ததையும், அதைத் தொடர்ந்து நம் தாமான் குடியிருப்பின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் இரண்டு நாள் ஓடிய பேச்சையும் இங்கே மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் உங்களில் பலருக்கு அது என்னைவிட நன்றாகவே தெரியும். "வயிற்றுப் பிள்ளைக்காரியை நாய் ஒட்டிக்கொண்டே திரிவது குடும்பத்துக்கு ஆகாது" என்று தொடங்கும் அந்தக் குரல் பதிவையும் கேட்டிருப்பீர்கள். செவ்வாய்க்கிழமை காலையில் பிரவுனியை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்ச் செம்பனைக் காட்டில் இறக்கிவிட்டார்கள். அந்தச் செய்திக்குக் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. நான் அன்று ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

பிரவுனி செய்ததுதான் என்ன? அந்தப் பெண் குளிக்கப் போனால் குளியலறை வாசலில் படுத்திருந்தது. அவள் எழுந்தால் எழுந்தது, உட்கார்ந்தால் உட்கார்ந்தது. மாதக்கணக்காக இதைத்தான் செய்தது. அவளுடைய உடம்பு மாறுவதை அது கவனித்துவிட்டது. வீட்டில் இருந்த மனிதர்களுக்கு அவள் வாந்தி எடுக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. நாய்க்கு அதற்கும் முன்பே ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது. கவனித்ததற்காகவே அதைக் காட்டில் விட்டிருக்கிறார்கள்.

இதில் மாயமும் இல்லை, சகுனமும் இல்லை. மனித மூக்கில் வாசனையை உணரும் ஏற்பிகள் ஏறத்தாழ 50 லட்சம் முதல் 60 லட்சம் வரை என்பார்கள். நாய்க்கு அது 30 கோடி வரை போகும். கருத்தரித்த பெண்ணின் உடம்பில் எச்.சி.ஜி., புரொஜெஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜென் என்று ஒவ்வொரு ஹார்மோனும் ஏறும்போது, வியர்வையின் வாசனையும் மாறினால் அந்த மூக்குக்கு அது எட்டாமல் போகுமா? உடம்பில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது, தொடக்க மாதங்களில் உடற்சூடு சற்று உயர்கிறது, நடை மாறுகிறது, தூங்கும் நேரம் மாறுகிறது. வயிற்றுக்குள் ஒரு குழந்தை இருக்கிறது என்று நாய்க்கோ பூனைக்கோ புரிகிறது என நான் சொல்லவில்லை. அதை யாரும் நிரூபித்ததும் இல்லை. தன் மனுஷி நேற்று இருந்ததைப் போல் இன்று இல்லை என்பது மட்டும் அவற்றுக்குத் தெரியும். சில நாய்கள் அப்போது ஒட்டிக்கொள்ளும், சில விலகிப் படுக்கும், சில அவளை நெருங்கும் ஆளைப் பார்த்து உறுமும். தொட்டில் வந்து, அறைக்குப் புதுச் சாயம் பூசி, அதுவரை உள்ளே படுத்த பிராணியைத் திடீரென்று வெளியே தள்ளினால், சில பூனைகள் கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும். அது திமிர் இல்லை, கலக்கம்.

என் அம்மா கித்தா (ரப்பர்) மரத்தில் பால் வெட்டியவர். 1984இல் என் தம்பியை வயிற்றில் சுமந்துகொண்டு, விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்குப் போய், நெற்றி விளக்கோடு தன் பங்கு மரவரிசையான நிரையில் இறங்குவார். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து நாய் ஒன்று கூடவே போகும். அது யாருக்கும் சொந்தமில்லை, எல்லாரும் மணி என்று கூப்பிடுவோம். அதுவரை அணிலைத் துரத்திக்கொண்டு இருபது மரம் முன்னால் ஓடிவிட்டுத் திரும்பி வருவதுதான் அதன் பழக்கம். தம்பி வயிற்றில் தங்கிய பிறகு அது ஓடுவதை நிறுத்திவிட்டது என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். ஒவ்வொரு மரத்தடியிலும் அவர் வெட்டி முடித்து, பால் வடியும் கிண்ணமான மங்கைச் சரிசெய்து நிமிரும்வரை உட்கார்ந்திருக்கும். அவர் நகர்ந்தால்தான் நகரும். அம்மா மூச்சு வாங்கி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தால், அதன் தாடை அவர் பாதத்தின் மேல் வந்து படியும். ரப்பர்ச் செருப்புக்கு மேலே அந்தச் சூடு இன்னும் இருப்பதைப் போல் அம்மா பாதத்தைத் தடவிக்கொண்டே இதைச் சொல்வார்.

அம்மாவின் நடை தளர்ந்ததால்தான் நாயும் மெல்ல நடந்தது, இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தானே சொல்கிறேன்! அவர் நடை தளர்ந்ததை அது கண்டது. வேலையை மேற்பார்த்த மண்டோர் காணவில்லை, அவருக்கு நிரையும் குறையவில்லை.

"பெரியவர்கள் சொன்னதை மதிக்கத் தெரியாதவள்" என்று குழுவில் யாரோ இந்நேரம் எழுதத் தொடங்கியிருப்பார்கள். எந்தப் பெரியவர்கள் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும். என் பாட்டி, தம்பி பிறந்த அன்று, படிக்குக் கீழே படுத்திருந்த மணிக்கு முதல் கவளச் சோற்றை வைத்தவர். லயத்தில் பிறந்து வளர்ந்த நம்மில் எத்தனை பேருடைய வீட்டில் நாயும் பூனையும் இல்லாமல் பிள்ளை பிறந்திருக்கிறது? பூனை இல்லாத லயத்தில் எலி பெருகும். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சல் ஆளைக் கொல்லும் என்பது தோட்டத்துக்காரர்களுக்குப் புதிதல்ல. முனியாண்டி கோயில் வாசலில் படுத்திருக்கும் நாயைப் பைரவர் என்று கும்பிடுகிறோம். அதே நாய் கர்ப்பிணியின் காலடியில் படுத்தால் மட்டும் அது எப்படிக் கெட்ட சகுனமாகிறது என்று யாராவது எனக்கு விளக்குங்கள்.

அடுத்து, "நோய் வந்தால் நீயா பொறுப்பு?" என்பார்கள். இந்தக் கேள்வி நியாயமானது. டொக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கருவைப் பாதிக்கக்கூடியது, அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் அதன் முட்டைகள் பூனை இனத்தின் மலத்தில்தான் வெளிவரும். நாய் வயிற்றில் அவை உருவாவதே இல்லை. பூனையும், பெரும்பாலும் முதன்முறை தொற்றும்போது, ஒன்றிலிருந்து மூன்று வாரம்வரைதான் அவற்றை வெளியேற்றும். வெளிவந்த முட்டை நோயைப் பரப்பும் நிலையை அடைய ஒரு நாளிலிருந்து ஐந்து நாள் ஆகும். ஆகவே பூனை மலம் கழிக்கும் மணல் தட்டைத் தினமும் வேறொருவர் துப்புரவு செய்தால் ஆபத்தில் பெரும்பகுதி குறைந்துவிடும். 2000ஆம் ஆண்டில் ஐரோப்பாவின் பல நகரங்களில் கர்ப்பிணிகளிடம் நடத்தி வெளியிட்ட ஓர் ஆய்வில், முக்கியக் காரணமாகத் தெரிந்தது சரியாக வேகாத இறைச்சி. அதற்கடுத்து மண்ணில் கை வைப்பதும் வந்தது. பூனையோடு பழகுவது ஆபத்துக் காரணமாக அதில் தெரியவில்லை. இறைச்சியை நன்றாக வேகவையுங்கள், கீரையை நன்றாக அலசுங்கள், தோட்ட வேலைக்குக் கையுறை போடுங்கள். நாய்க்கு ஊசி போட்டு, பூச்சி மருந்து கொடுத்து, உண்ணி பாருங்கள். கிளினிக்கில் தாதி மிஸ்ஸியிடம் வீட்டில் என்ன பிராணி இருக்கிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

பிரவுனி கொழுந்தனைப் பார்த்து உறுமியதாம். உறுமியிருக்கலாம். அப்படிப்பட்ட நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, கயிற்றில் கட்டிப் பழக்கியிருக்க வேண்டும். பிள்ளை பிறந்ததும் அதன் துணியை முதலில் மோந்து பார்க்க விடலாம், பிள்ளையையும் நாயையும் ஒரு நொடிகூடத் தனியாக விடாமல் இருக்கலாம். இதற்கெல்லாம் பொறுமை வேண்டும், லாரி வேண்டியதில்லை.

இதையெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு பேச வேண்டியிருக்கிறது என்று கேட்கிறவர்களுக்காக என் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். என் மூத்தவள் வயிற்றில் இருந்தபோது என்னிடம் மீனு என்ற பூனை இருந்தது, சாம்பல் நிறத்தில் வரி போட்டது. அதுவரை மடிக்கு வராத பூனை, நான்காம் மாதத்திலிருந்து தினமும் மதியம் என் வயிற்றோடு சாய்ந்து படுக்கும். ஒரு நாள் உள்ளே பிள்ளை உதைத்தாள். மீனு சட்டென்று தலையைத் தூக்கியது. காதுகள் இரண்டும் பின்னால் திரும்பின. என் சட்டைத் துணியையே சற்று நேரம் உற்றுப் பார்த்தது. பிறகு உதைத்த இடத்திலேயே மறுபடியும் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. வயிற்றுக்குள்ளிருந்து ஒருத்தியும் வெளியிலிருந்து ஒருத்தியுமாக இரண்டு பேர் என்னைத் தொட்டுக்கொண்டிருக்க, நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஏழாம் மாதத்தில் மீனு காணாமல் போனது. தானாக ஓடிவிட்டது என்றார்கள். கோணிச் சாக்கில் கட்டிச் சந்தைக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டார்கள் என்பது ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. மாமியார் இன்று உயிரோடு இல்லை, அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை; பிள்ளைக்குப் பயந்துதான் செய்தார். ஆனால் அதே வாரம் கொல்லையில் வெறுங்கையோடு களை பிடுங்கினேன், உலாம் கீரையைப் பச்சையாக, ஒரே ஒரு முறை தண்ணீரில் முக்கித் தின்றேன். அதை யாரும் தடுக்கவில்லை. மணல் தட்டைக் கடைசிவரை நானேதான் கழுவினேன். அந்த ஒரு வேலையை வாங்கிக்கொள்ள அத்தனை பெரிய வீட்டில் ஆள் இல்லை. பூனையைத் தூக்கிக்கொண்டுபோய் விட மட்டும் இரண்டு பேர் வந்தார்கள். மகள் நல்லபடியாகப் பிறந்ததும், "பார், பூனை போனதும் எல்லாம் சரியாயிற்று" என்றார்கள். நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"நாய்க்கு இவ்வளவு அழுகிறவள் மனுஷிக்கு அழுவாயா?" என்பவர்களே, நான் மனுஷிக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வளையல் அடுக்கினோம், சந்தனம் பூசினோம், ஐந்து வகைச் சோறு வைத்தோம். நாயை அனுப்பலாமா என்று அவளிடம் யார் கேட்டோம்? நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், நானும் கேட்கவில்லை. கணவன் இரவு வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் அவளுக்குத் துணையாக விழித்திருந்தது அந்த நாய் ஒன்றுதான்.

2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. விலங்கை வதைத்தால் 15,000 மலேசிய வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளிவரை அபராதம், 3 ஆண்டுவரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. யாரையும் அங்கே இழுக்க இதைச் சொல்லவில்லை. கைகூப்பியவர்கள் எதற்குக் கைகூப்பினோம் என்று தெரிந்துகொள்ளட்டும்.

மூன்று மாலையாக நானும் என் மகளும் அந்தச் செம்பனைக் காட்டுக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்க்கிறோம். நேற்று இரவு அந்தப் பெண் எனக்குச் செய்தி அனுப்பினாள்: "அக்கா, அதற்கு வலது காது மடங்கி இருக்கும். ஆண் குரலுக்கு வராது, நீங்களே கூப்பிடுங்கள்." பழுப்பு நிறம், கழுத்தில் சிவப்புப் பட்டை, நடுத்தர உயரம். அந்தப் பக்கம் குலை வெட்டப் போகிறவர்கள் பார்த்தால் தயவுசெய்து கல்லெறியாதீர்கள், எந்த நேரமானாலும் எனக்குத் தகவல் சொல்லுங்கள். அவளுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.